உட்காரும், ஆனால் ஓடாது: கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "பழைய சிஸ்டத்தில் வேறு ப்ராசசர் மாற்றலாமா?" விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதில் பலரும் கேபினட்டைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, ப்ராசசர் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2016-இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ஐ3 6100, எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ராம். டேலி, எக்செல் தவிர பெரிய வேலை கிடையாது, ஆனால் ரொம்ப மெதுவாகிவிட்டது. தெரிந்த கடையில் ஐ5 8400 செகண்ட்ஸில் இருக்கிறது. "உங்க போர்டும் 1151, இதுவும் 1151, அப்படியே உட்காரும்" என்கிறார். வாங்கலாமா சார்?
– திருப்பூர் வாசகர்

வாங்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உட்காரத்தான் உட்காரும். ஆனால் ஓடாது.

1151 என்பது ப்ராசசரின் அடியில் எத்தனை தொடுபுள்ளிகள் இருக்கின்றன என்ற கணக்கு, அவ்வளவுதான். எந்தப் புள்ளி என்ன வேலை செய்கிறது என்று அந்த எண் சொல்லாது. உங்கள் 6100 ஆறாம் தலைமுறை, கடைக்காரர் காட்டும் 8400 எட்டாம் தலைமுறை. இன்டெல் 2015-இல் ஆறாம் தலைமுறையை இந்த சாக்கெட்டில், அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இந்த இடத்தில், கொண்டுவந்தது. 2017 தொடக்கத்தில் ஏழாம் தலைமுறையும் அதிலேயே வந்தது. அதே வருடக் கடைசியில் எட்டாம் தலைமுறை வந்தபோது ஐ5-இல் நாலு கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் பகுதி) ஆறானது, ஐ3-இல் இரண்டு நாலானது. கோர் கூடினால் மின்சாரம் கூடுதலாக வேண்டும். அதற்காக முன்பு சும்மா விட்டிருந்த புள்ளிகள் சிலவற்றையும் சேர்த்து, கோர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் புள்ளிகளை 128-லிருந்து 146 ஆக்கினார்கள். மொத்த எண்ணிக்கை மாறவில்லை, பெயரும் மாறவில்லை. 1152 என்று வைத்துத் தொலைத்திருந்தால்கூட இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு கோபம் உண்டு.

ஆக எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு எச்310, பி360, பி365, இசட்370, இசட்390 மாதிரி 300 வரிசை போர்டுதான் வேண்டும். உங்கள் எச்110 ஆறுக்கும் ஏழுக்கும் மட்டும். தலைகீழாகவும் அப்படியே, ஏழாம் தலைமுறை ப்ராசசரைப் பொதுவாக எச்310 போர்டில் போட முடியாது. பயாஸை (சிஸ்டத்தை எழுப்பிவிட போர்டிலேயே இருக்கும் நிரல்) திருத்தி, சில புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, பழைய போர்டில் எட்டாம் தலைமுறையை ஓடவைத்த கில்லாடிகள் இருக்கிறார்கள், யூடியூபில் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி ஃபைல் பண்ண வேண்டிய மெஷினில் செய்கிற வேலை இல்லை அது.

உங்கள் போர்டில் போடக்கூடியது என்று பார்த்தால் ஐ5 6500, ஐ5 7500, ஐ7 7700 எல்லாம் இருக்கின்றன. போர்டு 2016-இல் வந்தது என்பதால் ஏழாம் தலைமுறைக்கு முதலில் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். ஆனால் இதில் காசு போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் சில ரகங்களுக்கு விலக்குக் கொடுத்தார்களே தவிர, உங்கள் போர்டில் போகும் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் வெளியேதான். ஐ7 7700-க்கு இன்று கொடுக்கிற பணம் அந்த வகையில் வீண்.

கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்டது, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா என்பது. 2016 சிஸ்டம் என்றால் ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். டேலி திறக்கத் தாமதமாவதற்கு ஐ3 காரணமில்லை, அந்த டிஸ்க்தான் காரணம். ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ராமும் போடுங்கள். ராம் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை: எச்110 போர்டுகளில் டிடிஆர்4 போட்டதும் உண்டு, டிடிஆர்3 போட்டதும் உண்டு. பழைய ராமைக் கழற்றி கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். இதை வைத்து ஒரு வருடம் ஓட்டிவிட்டு, அப்புறம் போர்டு, ப்ராசசர், ராம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் போதும்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பி450 போர்டில் ரைசன் 3 2200ஜி வைத்திருந்தேன். நாலு மாதம் காசு சேர்த்து ரைசன் 5 5600 வாங்கி மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ஏஎம்4-க்கு ஏஎம்4 தானே? விற்ற இடத்தில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ப்ராசசர் போச்சா சார்?
– கோயம்புத்தூர் வாசகர்

போகவில்லை தம்பி, பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு குழியில் விழுந்திருக்கிறீர்கள், அதுதான் விஷயம்.

முதல் குழி பயாஸ். ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி 2017-இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை இழுத்துக்கொண்டு வந்தது, அந்த விஷயத்தில் இன்டெலை விட நல்ல மனசு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பி450 சந்தைக்கு வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். போர்டில் இருக்கும் பழைய பயாஸுக்கு இப்படி ஒரு ப்ராசசர் பிறக்கப்போகிறது என்றே தெரியாது. தெரியாத ஆளை அது உள்ளே விடாது. 2020-இல் இந்த பி450-க்கு 5000 வரிசையே கிடையாது, பயாஸ் சிப்பில் இடம் பத்தாது என்று ஏஎம்டி கைவிரித்து, வாங்கியவர்கள் எல்லாம் சத்தம் போட்ட பிறகுதான் மனசு மாறியது. உங்கள் சீனியர் யாராவது "பி450-இல் ஓடாது" என்று சொன்னால் அந்தப் பழைய கதையை நினைவில் வைத்துச் சொல்கிறார்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய 2200ஜி-யைத் திரும்ப மாட்டுங்கள், டிஸ்ப்ளே வரும். போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், ஆதரிக்கும் ப்ராசசர்களின் பட்டியலைத் திறங்கள். அதில் 5600-க்கு நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ இறக்கி, எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள்ளிருந்து செய்யாமல் பயாஸ் மெனுவுக்குள் போய் அப்டேட் கொடுங்கள். பயாஸ் ரொம்பப் பழசாக இருந்தால் நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் புதியதுக்குப் போகச் சொல்வார்கள், பதிப்புக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் தாண்டாதீர்கள். மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அப்டேட் ஓடுகிற சில நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செங்கல்லாகிவிடும், எனவே யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரியே பீப் பீப் என்று அழுதுகொண்டிருந்தால் நண்பன் வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.

விண்டோஸ் 11 போட்டு, டிஸ்க்கை விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ரெகவரி கீயை முதலில் எங்காவது எழுதிவையுங்கள். டிபிஎம் என்கிற அந்த பாதுகாப்புப் பகுதி ரைசனில் பொதுவாக ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால், ப்ராசசரை மாற்றினால் விண்டோஸ் "யார் நீ" என்று கீ கேட்கும். ப்ராஜெக்ட் முழுக்க உள்ளே இருக்கும்போது அந்த நீலத்திரை வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது குழி. பயாஸ் எல்லாம் சரியான பிறகும் உங்களுக்கு டிஸ்ப்ளே வராது! 2200ஜி-யில் அந்த கடைசி ஜி-க்கு அர்த்தம், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்பது. 5600-இல் அது இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகியிருப்பீர்கள். கேம் ஆடும் ஆசை இருந்தால் ஒரு கார்டு வாங்குங்கள், அதற்கு 5600 நல்ல ஜோடி. கார்டுக்குப் பணம் இல்லை என்றால், அதே கடையில் கொஞ்சம் பேசிப் பார்த்து 5600ஜி-யாக மாற்றிக்கொள்ளுங்கள். திருப்பி எடுக்க மாட்டேன் என்பவர்களும் மாற்றித் தருவதற்குச் சில சமயம் இறங்கிவருவார்கள். இன்டெல் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும், அங்கே எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது.

திரும்பத் திரும்ப மாட்டிக் கழற்றப்போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தால், பேஸ்ட் பிடித்துக்கொண்டு பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசசர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை வந்தது. ஓரத்தில் நாலு பின் மடங்கிப்போய், லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் பின்னை நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த ராத்திரி இரண்டு மணி ஆனது. சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு பேஸ்ட் இளகிய பிறகு ஆஃப் செய்து, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

எச்410 போர்டில் ஐ5 11400 போடலாமா? இரண்டுமே 1200 சாக்கெட்.
– சேலம் வாசகர்

பொதுவாக முடியாது. எச்410, பி460 இரண்டும் பத்தாம் தலைமுறையோடு சரி. எச்470, இசட்490 என்றால் பயாஸ் அப்டேட் செய்து பதினொன்றைப் போடலாம். எச்510, பி560 என்றால் பத்தும் ஓடும், பதினொன்றும் ஓடும். எச்410 பெயரிலேயே உள்ளே வேறு சிப் வைத்துப் பிற்பாடு வந்த சில போர்டுகள் பதினொன்றை ஏற்கும், அதனால்தான் முழு மாடல் பெயர் முக்கியம் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு சிஸ்டத்தின் பில்லில் "ஐ5 மதர்போர்டு" என்று மட்டும்தான் இருக்கிறது. மாடலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– தஞ்சாவூர் வாசகி

"ஐ5 மதர்போர்டு" என்று உலகத்தில் எதுவும் இல்லை. ஐ5 பதினாலு தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் எத்தனையோ சாக்கெட் மாறிவிட்டது. பில் போடுகிறவருக்குச் சோம்பேறித்தனம்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் ப்ராசசர், பயாஸ் பதிப்பும் தேதியும், பேஸ்போர்டு என்ற வரிசையில் போர்டின் கம்பெனியும் மாடலும் இருக்கும். அந்தத் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் காட்டினால் போதும். சிபியு-இசட் என்ற இலவச நிரல் இன்னும் தெளிவாகக் காட்டும். விண்டோஸே ஏறவில்லை என்றால் பக்க மூடியைக் கழற்றுங்கள், மாடல் பெயர் போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் ராம் ஸ்லாட்டுக்கும் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் நடுவே. ரிவிஷன் எண் ஓரத்தில் பொடியாக இருக்கும். எங்கே தேடியும் கம்பெனி பெயரே இல்லாத போர்டு என்றால், அதற்குப் பட்டியலும் கிடையாது, பயாஸ் அப்டேட்டும் கிடையாது. இருப்பதை ஓட்டுங்கள், செலவு செய்யாதீர்கள்.

இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பிராண்டட் கம்பெனி சிஸ்டம் நாலு, ரீஃபர்பிஷ்டு, ஐ3 4130 போட்டது. கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் நன்றாக இருப்பதால் போர்டையும் ப்ராசசரையும் மட்டும் 12-ஆம் தலைமுறைக்கு மாற்றினால் மிச்சம்தானே?
– மதுரை வாசகர்

கணக்கில் மிச்சம், கையில் செலவு. பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் கனெக்டர் சாதாரண 24 பின் கிடையாது, அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. பவர் பட்டன் வயர், போர்டைத் திருகும் ஓட்டைகள், பின்பக்கத் தகடு என்று ஒவ்வொன்றாக இடிக்கும். கடைசியில் கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்குவீர்கள்.

அந்த நாலையும் அப்படியே வைத்துக்கொண்டு ஐ5 4570 மாதிரி நாலாம் தலைமுறைக்குள்ளேயே மாற்றலாம், செகண்ட்ஸில் கிடைக்கும். அதிலும் ஒன்று: பிராண்டட் மெஷினின் பயாஸ், பொதுவாக அந்தக் கம்பெனி அந்த மாடலில் வைத்து விற்ற ப்ராசசர்களைத்தான் மதிக்கும். உங்கள் ஐ3 54 வாட், 4570 என்பது 84 வாட். கேபினட் சின்ன சைஸ் என்றால் அந்தச் சூட்டை உள்ளே இருக்கும் ஃபேன் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் விண்டோஸ் 11 இதற்கும் அதிகாரபூர்வமாகக் கிடையாது. ஆதார், பான் என்று ஊர்க்காரர்களின் விவரம் எல்லாம் புழங்குகிற இடம் உங்களுடையது. நாலில் இரண்டையாவது வேறு மெஷினாக மாற்றுவதுதான் சரி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் வாங்கினேன்: ஐ7 14700கே, எச்610 போர்டு, டிடிஆர்4 ராம் 32 ஜிபி. "கம்பேட்டிபிள்தான் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார்கள். கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. சரியா?
– சென்னை வாசகர்

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். காகிதத்தில் பொருந்தும், 1700 சாக்கெட்டில் 12, 13, 14 மூன்று தலைமுறையும் வரும், பயாஸ் புதிதாக இருந்தால் டிஸ்ப்ளேயும் வந்துவிடும். கேள்வி அது இல்லை. 14700கே முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். எச்610 என்பது அந்த வரிசையிலேயே அடிமட்டம். பல போர்டுகளில் ப்ராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் ஒரு ஹீட் சிங்க்கூட இருக்காது. அரை மணி நேர ரெண்டரிங் போட்டால் அந்தப் பகுதி கொதித்து, ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குப் பணம் கொடுத்துவிட்டு ஐ5 வேகத்தில் வேலை பார்ப்பீர்கள், கல்யாண சீசனில் அது ஒவ்வொரு நாளும் உறுத்தும். கே ரகத்துக்குப் பெட்டியில் கூலரும் வராது, கொட்டேஷனில் கூலர் இருக்கிறதா?

இன்னொன்று, 13, 14-ஆம் தலைமுறையில் வேகம் கூடிய ரகங்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் கெட்டுப்போவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்ட்டிலிருந்து திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். திருத்தம் இனிமேல் கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. ஆகவே இதைப் புதிதாக பில்லோடு வாங்குங்கள், செகண்ட்ஸில் வேண்டாம், முதல் பூட்டிலேயே பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் 14700கே-வை விட்டுவிட்டு கே இல்லாத ஒரு ஐ5 அல்லது ஐ7, ஹீட் சிங்க் ஒழுங்காக வைத்த பி760 போர்டு என்று போய், மிச்சத்தை எஸ்எஸ்டியில் போடுவேன். டிடிஆர்4-ஆ 5-ஆ என்பதை போர்டு வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், பொதுவாக ஒரு போர்டில் ஒன்றுதான் போகும்.

எட்டாம் தலைமுறைக்கு வாங்கிய நல்ல கூலர் ஒன்று இருக்கிறது. ஐ5 12400-க்கு அதையே போடலாமா? ஏஎம்டி பக்கம் போனால்?
– யாழ்ப்பாணம் வாசகர்

அப்படியே போட முடியாது. 1151, 1200 சாக்கெட்டுகளில் கூலர் திருகும் ஓட்டைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர், 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் பொருந்தாது. கூலர் கம்பெனி 1700-க்கான பிராக்கெட்டைத் தனியாகத் தருகிறதா என்று பாருங்கள், நல்ல கம்பெனிகள் பல தருகின்றன. அதே பிராக்கெட் பின்னால் 1851 சாக்கெட்டுக்குப் போனாலும் உதவும். ஏஎம்டி-யில் ஏஎம்4-லிருந்து ஏஎம்5-க்குப் போகிறவர்கள், போர்டோடு வரும் பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டும் கூலர் என்றால் அப்படியே எடுத்துப்போகலாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தன் தகட்டை வைக்கும் ரகம் என்றால் ஏஎம்5-இல் ஆகாது, அதில் தகடு கழற்றும்படி இல்லை.